கடைசி ரேக்கின் முறை

வைட்ஃபீல்டில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் கணினிகளைச் செய்வதில்லை. கணினிகளுக்கு நடுவே இருப்பதைச் செய்கிறது. ஆயிரக்கணக்கான கணினிகளை ஒரு கூடத்தில் ரேக் ரேக்காக அடுக்கி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கணக்கைப் போடச் சொன்னால், ஒன்றுக்குத் தெரிந்ததை இன்னொன்றுக்கு அவை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பேச்சைச் சிறு சிறு பாக்கெட்டுகளாக வாங்கி, போக வேண்டிய பக்கம் தள்ளிவிடும் பெட்டிதான் சுவிட்ச். அதற்குள் இருக்கும் சிப்பைச் சோதிப்பது என் வேலை. நெரிசல் வந்தால் அது யாரை முதலில் விடுகிறது, யாரை நிறுத்தி வைக்கிறது என்று பார்ப்பேன். வாணியம்பாடியில் இருக்கும் என் அம்மாவுக்கு இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அவர் அக்கம்பக்கத்தில் "பொண்ணு கம்ப்யூட்டர்ல இருக்கா" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்.

சில வருடங்களுக்கு முன் புதிதாக வந்திருந்த ஒரு சிப்பை வைத்து ஒரு சோதனை செய்தேன். ரேக்குக்கு ஒன்றாக ஐந்து சுவிட்சுகளை வரிசையாக இணைத்தேன். ஒவ்வொன்றிலும் சில கணினிகள். வரிசையின் ஒரு முனையில், எல்லாரும் எழுத வேண்டிய சேமிப்பு வட்டுகள். எல்லாரையும் ஒரே நேரத்தில் எழுதச் சொன்னேன். ஒவ்வொரு சுவிட்சும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது. பின்னாலிருந்து வரும் பாக்கெட்டுக்கு ஒரு முறை, தன்னோடு இணைந்திருக்கும் கணினிகளின் பாக்கெட்டுக்கு ஒரு முறை, மாற்றி மாற்றி விட்டது. ஆனால் முடிவைப் பார்த்தால், வட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் மொத்தப் பாதையில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தவர்களுக்குக் கால். அதற்கும் பின்னால் அரைக்கால். கடைசி இரண்டு இடத்தில் இருந்தவர்களுக்கு ஆளுக்கு வீசம். ஐந்தில் ஒரு பங்கு கிடைக்க வேண்டிய இடத்தில் பதினாறில் ஒரு பங்கு.

எந்த சுவிட்சையும் குற்றம் சொல்ல முடியாது. தன் வாசலில் அது சரிபாதியாகத்தான் பிரித்தது. வாசலுக்கு வாசல் சரிபாதியாகப் பிரித்துப் பிரித்துத்தான் கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லாமல் போயிருந்தது.

வரைபடம் போட்டு எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். அவர் கோயம்புத்தூர்க்காரர். கூட்டங்களில் ஆங்கிலம் பேசுவார், என்னோடு தனியாக இருக்கும்போது தமிழ்.

"மொத்தமா பாதை நிரம்பிப் போகுதுங்களா?" என்றார்.

"முழுசா நிரம்பித்தான் போகுது."

"பாக்கெட் ஏதாவது தொலையுதா?"

"இல்ல. எல்லாம் போய்ச் சேருது. கடைசில இருக்கறது மட்டும் ரொம்ப நேரம் நிக்குது."

"அப்புறம் என்னங்க? கஸ்டமர் பாக்கறது ஆவரேஜ். ஆவரேஜ் அருமையா இருக்குதே."

"கடைசி ரேக்ல இருக்கறவனுக்கு ஆவரேஜ் கிடைக்காதே" என்றேன். அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான், எதற்கும் சிரிப்பார்.

தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது இல்லை. அதிக நேரம் காத்திருக்கும் பாக்கெட்டை முதலில் விட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு ஒவ்வொரு பாக்கெட்டும் தன் வயதைச் சுமந்துகொண்டு வர வேண்டும். அந்த வயதை ஒப்பிடும் வேலைக்கு சிப்பில் இடம் வேண்டும். சிப் வெளிவருவது சில மாதங்கள் தள்ளிப்போகும். நான் பதிவு செய்திருந்த புகாரை அவர் அன்றைக்கு மாலையே மூடினார். காரணம் என்ற கட்டத்தில் 'வடிவமைத்தபடியே வேலை செய்கிறது' என்று இருந்தது. படித்தேன். அந்த வருடம் என் பதவி உயர்வு அவர் கையில் இருந்தது. மறுபடி நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த சிப் வைத்த சுவிட்சுகள் பல இடங்களுக்குப் போயின. அதில் ஒன்று நகரின் மறுபக்கம் இருக்கும் ஓர் ஆராய்ச்சி மையம். இரண்டு வருடம் கழித்து அங்கிருந்து ஒரு புகார் வந்தது. ஓர் ஆராய்ச்சி மாணவியின் கணக்குகள் சில நாள் ஓடுகின்றன, சில நாள் நகரவே மாட்டேன் என்கின்றன. நெட்வொர்க்கைப் பரிசோதிக்க ஆள் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். மேலாளரும் நானும் கிளம்பினோம்.

வெளிவட்டச் சாலையில் கார் ஒரு மணி நேரம் ஊர்ந்தது. ஒவ்வொரு இடத்திலும் சர்வீஸ் ரோட்டிலிருந்து வண்டிகள் நுழைந்துகொண்டே இருந்தன. "வெள்ளனா கிளம்பி இவ்வளவு தூரம் வர்றோம், இவன் இப்பத்தான் வீட்ட விட்டு வந்து நமக்கு முன்னாடி போறான் பாருங்க" என்று மேலாளர் திட்டிக்கொண்டே வந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு எதுவும் உறைக்கவில்லை.

மையத்தில் மேலாளர், அந்த மாணவிக்கு வழிகாட்டியான பேராசிரியரின் அறைக்குப் போனார். இயந்திரக் கூடத்தை எனக்குக் காட்ட அந்த மாணவி வந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். பருத்திச் சுடிதார், தோளில் துணிப்பை. நான் போனில் பேசியதைக் கேட்டிருப்பாள் போல.

"மேடம் தமிழா? அப்பாடா. காலைலேர்ந்து இங்கிலீஷ்ல ஒத்திகை பாத்துக்கினு இருந்தேன்."

இந்த ஊரிலேயே நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவள், பேச்சில் கன்னடம் கலக்கும். அப்பா கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர், அம்மா கார்மென்ட்ஸில் தைப்பவர். மழை பெய்தால் ஊரின் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணக்குப் போடுவது அவள் ஆராய்ச்சி. ஒவ்வொரு சாக்கடையும், மேடும் பள்ளமும் அந்தக் கணக்கில் உண்டு. ஒவ்வொரு நிமிடத்துக்கும் தண்ணீரின் உயரத்தை வட்டில் எழுத வேண்டும். "எங்க தெரு மட்டும் சோதிச்சுப் பாக்க ரொம்ப வசதி மேடம். கணக்கு தப்பா சரியான்னு எங்கம்மா போன்லயே சொல்லிரும்" என்றாள்.

கூடத்தின் குளிரில் நின்றபடி பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தாள். எட்டு மாதமாக ஓடிய கணக்கு ஒவ்வொன்றும் அதில் இருந்தது. என்று ஓடியது, எந்த ரேக்கில் இடம் கிடைத்தது, எவ்வளவு நேரம் ஆனது. எல்லாம் கையால் கோடு போட்டு எழுதியது.

"ஸ்வல்ப இங்க பாருங்க மேடம். முன்னாடி ரேக்ல இடம் கிடைச்சா சாயங்காலத்துக்குள்ள முடியுது. பின்னாடி போகப் போக இழுக்குது. கடைசி ரேக்ல விழுந்தா மூணு நாள். புரோகிராம் கோடு ஒண்ணுதான், ஒரு எழுத்து மாத்தல."

"முன்னாடி ரேக் எப்ப கிடைக்கும்?"

"அதெல்லாம் பழைய குரூப்புங்களுக்கு. எங்கள மாதிரி புதுசா வந்தவங்களுக்குக் கடைசிதான். எப்பவாச்சும் லீவு நாள்ல முன்னாடி காலியா இருந்தா கிடைக்கும்."

எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் வரைபடத்தில் நான் பார்த்த அதே சரிவு, நீல மையில், அவள் கையெழுத்தில் இருந்தது. எங்களிடம் இருந்த எந்தக் கருவியும் அவளிடம் இல்லை. நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்திருந்தாள்.

"இதை யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"சார்கிட்ட காட்டினேன். மொதல்ல உன் கோடைச் சரி பண்ணுன்னாரு."

தாழ்வாரத்தில் மேலாளரைத் தனியாகப் பிடித்தேன். அதேதான், நாம் மூடி வைத்த புகார்தான் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இவங்க அடுத்த மெஷினுக்கு நம்மளத்தான் யோசிச்சிட்டு இருக்காங்க. இந்த நேரத்துல அதெல்லாம் வேண்டாங்க. உங்கள நான் பொய் சொல்லச் சொல்லல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்."

கூட்டம் அரைமணி நேரம்தான் நடந்தது. பேராசிரியர், அவள், மேலாளர், நான். மேலாளர் ஆங்கிலத்தில் இதமாகப் பேசினார். இத்தகைய கணக்குகளில் சில கணினிகளுக்கு வேலை அதிகமாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் விழுந்துவிடும், மாணவர்கள் எழுதும் நிரல்களில் இது சகஜம் என்றார். பேராசிரியர் என்னைப் பார்த்தார். சுவிட்சுகளை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார்.

"பார்த்தேன். நெட்வொர்க்கில் பிழை எதுவும் பதிவாகவில்லை" என்றேன்.

அது உண்மை. ஒரு பாக்கெட் தொலையவில்லை, ஒரு பாக்கெட் கெடவில்லை. காத்திருப்பதைப் பிழை என்று பதிவு செய்ய எங்கள் சுவிட்சுக்கு நாங்கள் சொல்லித்தரவில்லை. பேராசிரியர் அவள் பக்கம் திரும்பி, "கேளிஸ்தா?" என்று கன்னடத்தில் கேட்டார், காதில் விழுந்ததா என்று. அவள் தலையாட்டினாள். நோட்டு மேசைமேல் மூடியபடியே இருந்தது. ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் குடிநீர் பாட்டிலின் மூடியைத் திறந்தேன்.

பிறகு நடந்ததை நான் மின்னஞ்சல்கள் மூலமாகத்தான் அறிந்தேன். அந்த மையத்தில் யாருக்கு எவ்வளவு கணினி நேரம் என்று ஒரு குழு முடிவு செய்யும். ஒதுக்கிய நேரத்தைத் திறமையாகப் பயன்படுத்தவில்லை என்று அவளுடைய ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டார்கள். அதற்கு ஆதாரமாக, நெட்வொர்க்கில் பிழை இல்லை என்ற எங்கள் வருகை அறிக்கையை வைத்திருந்தார்கள். மேல்முறையீட்டுக்கு முன் அவள் எனக்கு எழுதினாள். சுவிட்சின் ஒவ்வொரு வாசலிலும் பாக்கெட்டுகள் எவ்வளவு நேரம் காத்திருந்தன என்ற கணக்கு உங்களிடம் இருக்குமே, என் கணக்குகள் ஓடிய நாட்களுக்கு மட்டும் தர முடியுமா என்று கேட்டிருந்தாள். சரியான கேள்வி. எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாது.

அந்தக் கோப்பு என்னிடம் இருந்தது. பார்வையிட்ட அன்றே இறக்கி வைத்திருந்தேன். மேலாளரிடம் கேட்டேன், கூடாது என்றார். நானும் இரண்டு நாள் பொறுத்து, 'தாங்கள் கோரிய விவரங்கள் நிறுவனத்தின் உள் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியவை' என்று எழுதி அனுப்பினேன். கீழே 'அன்புடன்' என்று போட்டிருந்தேன். அந்தச் சொல்லை இப்போதும் நினைத்தால் கூசுகிறது.

அடுத்த வருடம் எங்கள் புதிய சிப் வெளிவந்தது. அலுவலகம் முழுவதையும் கீழ்த்தளக் கூடத்தில் கூட்டினார்கள். மேலாளர் மேடையேறி, 'கடைசி ஆளுக்கும் சம நீதி' என்று ஒரு ஸ்லைடைக் காட்டினார். அதிக நேரம் காத்திருக்கும் பாக்கெட்டை முதலில் விடும் வசதி. முந்தைய தலைமுறை சிப்புகளில் இருந்த அநியாயம் இது என்று அடுத்த ஸ்லைடில் ஒரு வரைபடம் வந்தது. என் வரைபடம். வண்ணத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். காப்புரிமை விண்ணப்பத்தில் அவர் பெயர் முதலில், என்னுடையது மூன்றாவது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் மேசைக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் வந்தது.

ஆராய்ச்சி மையம் புதிய இயந்திரத்துக்கு எங்களிடமே கையெழுத்துப் போட்டது. அந்த மகிழ்ச்சியில், பழைய இயந்திரத்தையும் கொஞ்சம் சரிசெய்து கொடுக்கச் சொல்லி வேலை என்னிடம் வந்தது. பழைய சிப்புக்குப் பாக்கெட்டின் வயது தெரியாது. ஆனால் முறையை மாற்றலாம். ஒன்றுக்கு ஒன்று என்று விடாமல், பின்னால் நான்கு சுவிட்ச் இருந்தால் பின்னாலிருந்து வருபவர்களுக்கு நான்கு முறை, தன்னிடம் இருப்பவர்களுக்கு ஒரு முறை என்று விடச் சொல்லலாம். அமைப்புக் கோப்பில் சில எண்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தேன். டீக்கு எழுந்திருக்கும்போது வேலை முடிந்திருந்தது. வைட்ஃபீல்டில் என் நாற்காலியை விட்டு நகராமலே செய்தேன்.

இதை ஏன் முன்பே செய்யவில்லை? தோன்றவில்லை என்று சொன்னால் அதுதான் முழுப் பொய். அவளுடைய நோட்டைப் பார்த்த அன்று திரும்பி வரும் வழியிலேயே தோன்றியது. ஆனால் எண்களை மாற்றினால் மாற்றியதற்கு ஒரு காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

அவளைத் தேடினேன். ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு, தொம்மலூரில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் சோதிக்கும் வேலைக்குப் போயிருந்தாள். போனில் என் குரலை உடனே கண்டுகொண்டாள். சனிக்கிழமை காலை அங்கே ஒரு சின்ன தர்சினி ஓட்டலில், கல் மேசை முன்னால் நின்றுகொண்டு பேசினோம். வரிசையாக எல்லாவற்றையும் சொன்னேன். மூடிய புகார், தாழ்வாரத்தில் நடந்த பேச்சு, நான் அனுப்பாத கோப்பு, அந்த ஒரு மதிய வேலை. காபி ஆறிக்கொண்டிருந்தது.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மேடம்" என்றாள் கடைசியில்.

"எப்படி?"

"பிழை இல்லன்னு சொன்னீங்க. தாமதம் இல்லன்னு சொல்லல. அவ்ளோ ஜாக்கிரதையா ஒருத்தர் பேசினா, அவங்களுக்குத் தெரியும்னுதானே அர்த்தம்?"

"அப்பவே கேட்டிருக்கலாமே" என்றேன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"யார்கிட்ட? சார் முன்னாடியா? கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவள் தம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"எங்கப்பா கேட்டாரு மேடம், ஏம்மா நின்னுபோச்சுன்னு. என் கணக்குல தப்பாம்பான்னு சொன்னேன். வேற எப்படிச் சொல்றது அவருக்கு? ரெண்டு வருஷமா நானும் கொஞ்சம் கொஞ்சமா அதையே நம்ப ஆரம்பிச்சுட்டேன். தெரிஞ்சே நம்பறது ஒண்ணு இருக்குல்ல, அது மாதிரி." பிறகு நிமிர்ந்து, "இப்ப என்கிட்ட சொன்னத எழுதித் தருவீங்களா? கையெழுத்துப் போட்டு?" என்றாள்.

பார்க்கிறேன் என்றேன். அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது.

மறுபடியும் முறைப்படித்தான் போனேன். மேலாளரிடம் கேட்டேன், அவர் சட்டப் பிரிவுக்கு அனுப்பினார். நான்கு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. 'சில குறிப்பிட்ட போக்குவரத்துச் சூழல்களில், முந்தைய தலைமுறைச் சாதனங்களின் செயல்திறனில் ஓரளவு வேறுபாடு காணப்படலாம்.' அதை அப்படியே அவளுக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: 'இதில் என் பெயரும் இல்லை, உங்கள் பெயரும் இல்லை மேடம்.'

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே இரண்டு பக்கம் எழுதினேன். அவள் சொன்னது சரி, எனக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை என்று நேராக எழுதினேன். காத்திருப்புக் கணக்குகளை இணைத்தேன். கையெழுத்துப் போட்டு, நேரம் ஒதுக்கும் குழுவுக்கு ஒன்று, பேராசிரியருக்கு ஒன்று, அவள் வீட்டுக்கு ஒன்று என்று பதிவுத் தபாலில் அனுப்பினேன். வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்னவோ, குறைந்தபட்சம் ஏதோ நடந்தது என்று இருந்திருக்கும். குழு, கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது, குறிப்பிட்ட ஆய்வுத் திட்டத்தின் காலம் முடிந்துவிட்டதால் மேல் நடவடிக்கை தேவையில்லை என்று எழுதியது. பேராசிரியர் ஒருநாள் போன் செய்தார். குரலில் கோபம்கூட இல்லை. "அந்தப் பெண் இப்போது வேலையில் நன்றாகத்தானே இருக்கிறாள், இதையெல்லாம் ஏன் கிளறுகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் வந்து கேட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்வீர்களா என்றேன். அந்தத் தலைப்பில் இப்போது வேறொரு மாணவர் இருக்கிறார் என்றார். அவருக்குக் கணக்குகள் வேகமாக ஓடுகின்றனவாம்.

அவளிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. தபால் சேர்ந்ததற்கான அட்டை மட்டும் திரும்பி வந்தது. வாங்கியவர் கையெழுத்து தமிழில், நடுங்கிய எழுத்தில் இருந்தது. அவள் அப்பாவாக இருக்கலாம்.